பைக் செயின்: வீட்டிலேயே கவனிக்கலாம்

1980-ல் டிவிஎஸ் 50 பிறந்த ஊர் ஓசூர். சூளகிரியிலிருந்தும் அத்திப்பள்ளியிலிருந்தும் சிப்காட் ஷிஃப்ட்டுக்கு பைக்கில் வருகிறீர்களா? லாரிப் புழுதி முதலில் தின்பது செயினைத்தான்.

ஞாயிறு காலை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டால் விரலே போய்விடும்.

கீழ்ச் செயினை நடுவில் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் சுமார் 25 மில்லிமீட்டர் ஆட வேண்டும்; சரியான அளவு உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும். ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி இறுக்கும்போது, ஆக்ஸில் அருகே உள்ள இரு பக்க அளவுக் கோடுகளும் சமமாக இருக்கட்டும்.

செயினை இறுக்கினால் பின் டிரம் பிரேக்கும் இறுகும். அதையும் சரிசெய்து, ஆக்ஸில் நட்டை முறுக்கிய பிறகே வண்டியை ரோட்டுக்கு எடுங்கள்.