தாயின் தலைச்சுமை

விடியுமுன் எழுந்து, எல்லாரும் படுத்தபின் படுப்பவள் வீட்டுத் தாய். தண்ணீர், அடுப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடம், வயல் வேலை, மாமியாருக்கு மருந்து என்று ஒன்று முடியுமுன் அடுத்தது வந்து நிற்கிறது. கை ஒரு வேலையில் இருக்க, மனம் மூன்று வேலைகளில் அலைகிறது. பிள்ளை ஒரு தம்ளரைத் தட்டிவிட்டால் சுள்ளென்று கோபம் வருகிறது. அடித்த பிறகு, "ஏன் அடித்தேன்" என்று தனியே அழுகை வருகிறது.

இப்படி இருக்கும் தாயிடம் வழக்கமாகச் சொல்லப்படுவது, "பொறுமையாக இரு, அய்யாவை நினை" என்பதே. பொறுமை அய்யா தந்த பெரிய போதனை. ஆனால் அதை அவளுக்கு மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்கள் எழுந்து போய்விடலாமா? இந்தப் பாடம் அதைச் சிந்திக்கவே.

கடற்கரையில் காத்திருந்த தாய்

வெயிலாள் அம்மையை நினைத்துப் பாருங்கள். 24 வயது மகன் நோயில் வாடிக் கிடக்கிறார். கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி மாதம் அவரைத் திருச்செந்தூருக்கு அழைத்துச் செல்ல அம்மை உறுதி கொண்டார். உறவினர் தொட்டில் கட்டித் தோளில் சுமந்தார்கள். மகன் கடலுக்குள் சென்று மறைந்தார். அம்மை கரையிலேயே அழுது காத்திருந்தார். மூன்றாம் நாள், மாசி 20 அன்று, அய்யா வைகுண்டராய்க் கரையேறினார்.

கட்டி அணைக்க ஓடிவந்த தாயிடம், தாம் இனி நாராயணருக்குப் பிள்ளை என்று அய்யா உணர்த்தினார். பெற்ற மனதுக்கு அது எளிய சொல்லாக இருந்திருக்காது. ஆனால், "இவன் பாரம் முழுவதும் என் ஒருத்தி மேல்தான்" என்று எண்ணி அலைந்த மனதுக்கு அந்தச் சொல்லிலே ஆறுதலும் இருந்தது. பிள்ளைகள் இறைவனுக்கு உரியவர்கள். தாய் அவர்களை வளர்க்கிறாள், காப்பவர் அவர்.

இந்த வரலாற்றில் இன்னொன்றும் உண்டு. நோயுற்ற மகனை அம்மை தனியாகச் சுமக்கவில்லை. நம்பிக்கை அம்மையுடையது, தொட்டில் கம்பைத் தாங்கிய தோள்கள் உறவினருடையவை. இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பயணம் நடந்தது.

புதுக்கோட்டைத் தாய்மார் ஏறிய சைக்கிள்

சுமையைப் பகிர்ந்தால் தாயின் நாள் எப்படி மாறும் என்பதற்கு நம் காலத்துச் சான்று ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் உண்டு.

அது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் விளைச்சல். இல்லையேல் கூலி வேலை, கல்குவாரி வேலை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்துக் கற்க ஆசைப்பட்ட பெண்கள் ஏராளம். தடையாக நின்றது தூரம். தண்ணீருக்கு நடை, சந்தைக்கு நடை, பேருந்துக்குக் காத்திருப்பு என்று பகல் முழுவதும் வழியிலேயே கரைந்தது. சொல்லிக்கொடுக்கப் போகும் பெண் தொண்டர்களுக்கும் உள்கிராமங்களுக்குப் போக வழியில்லை.

அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் கற்பிக்க வழி செய்தார். ஊருக்கு ஊர் பெண்கள் மாலை வேளையில் பழகினார்கள். முதலில் கேலி பேசியவர்கள் உண்டு. விழுந்து முழங்கால் தேய்ந்தவர்களும் உண்டு. ஆனாலும் அந்த மாவட்டத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் ஓட்டும் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அதன் முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பிய தாய்மாரும் உண்டு. இதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்.

அந்தத் தாய்மார் பெற்ற பெரிய லாபம், யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாம் என்ற மன நிம்மதி. பேருந்துக்குத் தவித்து நின்ற நேரம் மிச்சமானது. "கொண்டுபோய் விடுங்கள்" என்று கணவனிடமோ தம்பியிடமோ கெஞ்ச வேண்டியதில்லை. தலை நிமிர்ந்து போகலாம்.

ஆனால் இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். முன்கம்பியில் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடங்கள், கைப்பிடியில் சந்தைப் பை என்று ஒரே தாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவதும் அங்கே கண்ட காட்சிதான். மிச்சமான ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைத்ததா, அல்லது அதிலும் வேறொரு வேலை வந்து அமர்ந்ததா? வேகம் கூடினால் மட்டும் மனம் ஆறாது. இன்று மிக்ஸி, கேஸ் அடுப்பு, செல்போன் எல்லாம் வந்தும் பல தாய்மாரின் தவிப்பு தீராததற்குக் காரணம் இதுவே. கருவி வந்தது, பகிர்வு வரவில்லை.

மூன்றாம் தவம் யாருக்காக?

அய்யா சாமிதோப்பில் ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழியில் நின்றும், அடுத்த இரண்டு ஆண்டு சமதரையில் இருந்தும், கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில் இருந்தும் நடந்தது அத்தவம். இவற்றுள் மூன்றாம் தவத்தின் பலன் பெண்களுக்கு உரியது என்று அகிலத்திரட்டு அம்மானை காட்டுகிறது.

அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் மார்புக்கு மேலாடை அணியத் தடை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லவும் கூடாது. தலையில்தான் சுமக்க வேண்டும். குடத்தை எங்கே வைப்பது என்பதைக்கூடப் பிறர் முடிவு செய்த காலம் அது. அந்தப் பெண்களிடம் அய்யா, "சகித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. அவர்களுக்காகத் தவம் இருந்தார். முத்திரிக் கிணற்றில் எல்லாக் குலத்தாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்தார். கீழே அழுந்திக் கிடப்பவரைத் தாங்கி நிறுத்துவதே தர்மம் என்று காட்டினார்.

பதியில் சமபந்தி, வீட்டில்?

பதியிலும் நிழல் தாங்கலிலும் அன்னதர்மத்தின்போது எல்லாரும் ஒரே வரிசையில் அமர்கிறோம். முதல் பந்தி, கடைசிப் பந்தி என்ற உயர்வு தாழ்வு அங்கில்லை. அதே வீட்டார் திரும்பி வந்ததும், சமைத்தவள் கடைசியில் தனியே, மீந்ததை உண்கிறாள். தர்மம் தாங்கலின் வாசலோடு நின்றுவிட்டால் அது எப்படி அய்யாவின் வழி ஆகும்?

தாய்க்கும் ஒரு சொல். பள்ளியறையில் கண்ணாடி வைத்திருப்பது, உனக்குள்ளே இருக்கும் இறைவனை நீ காண. அந்தக் கண்ணாடி முன் நிற்கும்போது தெரிவது உன் முகமும்தான். எல்லாரிடமும் இறைவனைக் கண்டு தொண்டு செய்யும் நீ, உன்னிடம் இருக்கும் இறைவனைப் பட்டினி போடலாமா? தூங்கவிடாமல் வாட்டலாமா? "என்னால் முடியவில்லை, கொஞ்சம் பிடியுங்கள்" என்று சொல்வது பலவீனம் ஆகாது. நாள் கணக்கில் தூக்கம் இல்லாமல், அழுகை நிற்காமல் இருந்தால் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவரிடம் சொல்வதும் அய்யாவை நம்புவதற்கு எதிரானது ஆகாது.

இல்லத்தில் கைக்கொள்ள

1. காலை, மாலை உகப்படிப்பின்போது வீட்டில் எல்லாரும் வேலையை நிறுத்தி ஒன்றாக அமருங்கள். அந்த நேரம் தாய் அடுப்படியில் நிற்கக் கூடாது.

2. தினமும் இரவு உணவாவது சமபந்தியாக இருக்கட்டும். தாய் உட்கார்ந்த பிறகே முதல் கவளம்.

3. தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது ஆகியவற்றில் ஒவ்வொன்றைத் தகப்பனும் வளர்ந்த பிள்ளைகளும் தமதென்று ஏற்றுக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைக்கும் இதில் விலக்கு இல்லை.

4. மிச்சமாகும் நேரத்தில் அரை மணி தாய்க்கே இருக்கட்டும். ஓதலாம், படிக்கலாம், சும்மா இருக்கலாம். அதில் வேறு வேலை சொல்லாதீர்கள்.

5. தாயே, படுக்குமுன் முடியாத வேலைகளை எண்ணாதே. முடிந்ததை அய்யாவிடம் சொல்லி, முடியாததை அவர் பாதத்தில் வைத்துவிட்டுக் கண் மூடு.

சிந்திக்க

நம் வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? நேற்று அவர் எத்தனை மணிக்குப் படுத்தார்? அந்தத் தொட்டில் கம்பில் நம் தோள் இருக்கிறதா?

புதுக்கோட்டைத் தாய்மார் முதல் நாள் சைக்கிள் பழகியபோது, பின்னால் ஒருவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார். அந்தப் பிடி இருந்ததால்தான் அவர்கள் விழாமல் மிதித்தார்கள். ஒவ்வொரு தாய்க்குப் பின்னாலும் அப்படி ஒரு கை இருக்கட்டும்.

அய்யா உண்டு.