தமிழில் திரைக்கதை எழுத எந்த மென்பொருள்?

கேள்வி: குறும்படத்துக்குத் தமிழில் திரைக்கதை எழுதுகிறேன். ஃபைனல் டிராஃப்ட் மென்பொருளை வாங்கித்தான் ஆகவேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அந்தக் காசைக் கேமரா வாடகைக்கு வையுங்கள். ‘ஃபவுண்டன்’ என்ற எளிய குறியீட்டு முறையில் நோட்பேடிலேயே எழுதலாம்; மேக் கணினி இருந்தால் ‘பீட்’ என்ற இலவச மென்பொருள் அதைத் திரைக்கதை வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால், ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை வைத்துத்தான் பாத்திரத்தின் பெயரை ஃபவுண்டன் அடையாளம் காணும். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? பெயருக்கு முன் @ குறி போடுங்கள். காட்சித் தலைப்புக்கு முன் ஒரு புள்ளி, போதும். திரைக்கதைக்கு வழக்கமான கூரியர் எழுத்துருவில் தமிழ் கிடையாது. எனவே அந்த எழுத்துருவை வைத்துப் போட்ட ‘ஒரு பக்கம், ஒரு நிமிடம்’ என்ற ஹாலிவுட் கணக்கை நம்பாதீர்கள். வசனத்தை வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள். முதலில் ஒரு காட்சியை பிடிஎஃப் ஆக்கி, கொம்பும் காலும் உடையாமல் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே எழுதுங்கள்.