அளவும் ஐயமும்

நுழையும்முன்
'எவ்வளவு?' என்னும் வினாவிற்கு ஓர் எண்ணை விடையாகக் கூறிவிடலாம். 'அந்த எண்ணை எந்த அளவிற்கு நம்பலாம்?' என்னும் வினாவிற்கு விடை கூறப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியின் அடிப்படையை விளக்குகிறது இப்பாடம்.

கல்லும் கரிசலும்
கோவில்பட்டியை அடுத்த கழுகுமலையில் வெட்டுவான் கோவில் அமைந்துள்ளது. கி.பி. 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்ட கோவில் இது. சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கினர். விமானத்தின் மேற்பகுதி எழில்மிகு சிற்பங்களுடன் திகழ்கிறது. அடிப்பகுதி முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. கற்களை அடுக்கிக் கட்டும் கோவிலில், பொருந்தாத கல்லை அகற்றி வேறொன்றை வைக்கலாம். குடைந்தெடுக்கும் கோவிலில் அதற்கு வழியில்லை; பெயர்த்த கல்லை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. எனவே, தன் அளவு எவ்வளவு பிறழக்கூடும் என்பதை உளியை வைக்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டிய தொழில் அது.

இக்கரிசல் நிலத்தில் அளவு என்பது வாழ்க்கையோடு பிணைந்தது. மானாவாரியில் விளைந்த பருத்தியை உழவர் எடைபோட்டு விற்கின்றனர். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் எடைபோட்டே விற்கப்படுகிறது. தராசு தவறினால் ஒருவருடைய உழைப்பு மற்றொருவருடைய ஆதாயமாகிவிடும். நடுவுநிலைமைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்கியது இதனால்தான் எனலாம். அத்துலாக்கோலையே சோதிக்கும் இடம் அளவுத்திருத்த ஆய்வகம்.

அளவுகளின் சங்கிலி
கடைக்காரரின் எடைக்கல்லை ஆய்வகத்தின் படித்தர எடையோடு ஒப்பிடுவர். அப்படித்தர எடையை அதனினும் நுட்பமான மற்றொன்றோடு ஒப்பிடுவர். இவ்வாறு மேலேறும் சங்கிலி, புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சென்றடைகிறது. இந்தியாவிற்குரிய 57ஆம் எண் கொண்ட கிலோகிராம் முன்மாதிரி அங்குப் பாதுகாக்கப்படுகிறது. 2019 மே 20 முதல் கிலோகிராமின் வரையறை உலோகக் கட்டியைச் சாராமல், பிளாங்க் மாறிலியைச் சார்ந்து அமைந்துள்ளது.

அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் கே.எஸ். கிருஷ்ணன். திருவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர். 1928இல் இராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் சர் சி.வி. இராமனுடன் இணைந்து பணியாற்றியவர். படிகங்களின் காந்தப் பண்புகளை நுட்பமாக அளந்து புகழ்பெற்றவர்.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சிறிதளவு ஐயம் சேர்கிறது. கீழே இறங்கும்போது அது கூடுமேயன்றிக் குறையாது. இதனை மறைக்காமல் கணக்கிட்டுக் கூறுவதே 'அளவீட்டு ஐயப்பாடு' எனப்படும். இதற்குரிய பன்னாட்டு வழிகாட்டி 1993இல் வெளியிடப்பட்டது.

பிழையும் ஐயப்பாடும்
பிழை வேறு, ஐயப்பாடு வேறு. உண்மை மதிப்பிலிருந்து அளவு விலகிய தொலைவே பிழை. அது தெரிந்தால் திருத்திவிடலாம். திருத்திய பின்னும் உண்மை மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று கூறுவது ஐயப்பாடு. அது கவனக்குறைவின் விளைவன்று. எவ்வளவு கவனமாக அளந்தாலும் எஞ்சி நிற்பது.

கணக்கிடும் முறை
பயிற்சி மாணவி ஒருவர் 200 கிராம் எடைக்கல் ஒன்றைச் சோதிப்பதாகக் கொள்வோம். ஆய்வகத் தராசு 0.01 கிராம் வரை காட்டும். அவர் ஐந்து முறை நிறுத்தபோது கிடைத்த அளவுகள் 200.02, 200.03, 200.01, 200.02, 200.02 கிராம். இவற்றின் சராசரி 200.020 கிராம்.

முதலாவது, அளவுகளின் சிதறல். ஐந்து அளவுகளின் திட்டவிலக்கம் ஏறத்தாழ 0.007 கிராம். இதனை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.003 கிராம் கிடைக்கிறது. நிறுக்கும் முறை மிகுந்தால் இப்பகுதி குறையும்.

இரண்டாவது, தராசின் மீச்சிற்றளவு. 0.01 கிராமுக்கு உட்பட்ட வேறுபாட்டைத் தராசு காட்டாது. அதன் பாதியாகிய 0.005ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.003 கிராம். எத்தனை முறை நிறுத்தாலும் இப்பகுதி குறையாது.

மூன்றாவது, தராசின் சான்றிதழ். திருத்தம் ஏதும் தேவையில்லை என்றும், விரிவாக்கிய ஐயப்பாடு 0.008 கிராம் என்றும் அதில் உள்ளதாகக் கொள்வோம். விரிவாக்கக் காரணி 2 என்பதால், பாதியாகிய 0.004 கிராமை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இம்மூன்றையும் நேரடியாகக் கூட்டுதல் கூடாது. ஒன்றையொன்று சாராத மூன்றும் ஒரே திசையில், ஒரே வேளையில் முழுமையாகப் பிறழ்தல் அரிது. ஆகவே ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தைக் காண வேண்டும். விடை ஏறத்தாழ 0.006 கிராம். இதனை 2ஆல் பெருக்கினால் 0.012 கிராம். எனவே, எடைக்கல்லின் நிறை 200.020 ± 0.012 கிராம். உண்மை மதிப்பு இவ்வெல்லைக்குள் இருப்பதற்கு ஏறத்தாழ 95 விழுக்காடு வாய்ப்புண்டு என்பது இதன் பொருள்.

முடிவெடுக்கும் இடம்
எடைக்கல் 200.030 கிராமைத் தாண்டக்கூடாது என விதி இருப்பதாகக் கொள்வோம். 200.020 என்னும் எண்ணை மட்டும் காண்பவர், 'கல் சரியானது' என்று உடனே கூறிவிடுவார். ஐயப்பாட்டையும் காண்பவரோ, உண்மை நிறை 200.032 கிராம் வரை செல்லக்கூடும் என்பதை உணர்வார். அவர் நுட்பமான தராசில் மீண்டும் நிறுக்கச் செய்வார். அல்லது ஐயத்தைச் சான்றிதழில் வெளிப்படையாக எழுதுவார்.

இவ்விடத்தில் இரண்டு தவறுகள் நேரலாம். ஒத்துவரவில்லை என்பதற்காக 200.03 என்னும் அளவை நீக்கிவிடுவது ஒன்று. சான்றிதழ் சிறப்பாகத் தோன்றவேண்டும் என்பதற்காக மீச்சிற்றளவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது மற்றொன்று. இரண்டாலும் ஐயப்பாட்டின் எண் சுருங்கும். ஆனால், ஐயம் சுருங்காது. அது ஆய்வகத்தை விட்டு நீங்கி, அந்த எடைக்கல்லை நம்பிப் பொருள் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் போய்ச் சேரும். அவர்களுக்கோ அது தெரிய வழியில்லை.

தனக்குத் தெரிந்ததன் எல்லையைத் தானே வரையறுத்துக் கூறுவது அறிவியலின் குறைபாடன்று. பிறர் அதனை நம்புவதற்குரிய காரணமே அதுதான். பள்ளி ஆய்வகத்தில் ஒரு கம்பியின் விட்டத்தை அளந்து எழுதும்போதும், அளவின் அருகே அதன் ஐயப்பாட்டையும் எழுதும் மாணவர் இந்நேர்மையைப் பழகத் தொடங்குகிறார்.