கரும்பலகையில் மலை வரையாதே

திருக்கோகர்ணம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஈராசிரியர் பள்ளியில் சேர்ந்திருப்பதாகவும், மூன்று வகுப்புப் பிள்ளைகள் உன் பொறுப்பில் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். தமிழும் கணக்கும் நடத்திவிடுவேன், ஓவியத்துக்கு என்ன செய்வது, எனக்கே நேராக ஒரு கோடு போட வராதே என்று கேட்டிருக்கிறாய். வேறு யாரையாவது வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா என்றும் ஒரு வரி. வேண்டாம் அம்மா. நீயே நடத்து. உனக்கு வரைய வராதது இந்த வேலைக்குக் குறையே இல்லை.

நான் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஆறாம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகளிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்தால், பாதிப் பேர் "எனக்கு வரைய வராது சார்" என்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுகூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கரித்துண்டு கிடைத்தால் வீட்டுச் சுவரை விட்டுவைக்காது. நடுவில் உள்ள ஐந்து வருஷத்தில்தான் அந்தப் பயம் உள்ளே போகிறது. அந்த ஐந்து வருஷம் உன் கையில் இருக்கிறது.

நம் மாநிலத்தில் ஓவிய ஆசிரியர் என்று தனியாக ஒருவர் வருவது ஆறாம் வகுப்பிலிருந்துதான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் ஆறு முதல் எட்டு வரை, நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் இடத்துக்குத்தான் பகுதிநேரக் கலை ஆசிரியரைச் சொல்கிறது. 2012இல் இங்கே எடுத்த பகுதிநேர ஆசிரியர்களும் அந்த வகுப்புகளுக்கே. ஆகவே உன் பள்ளியின் ஓவிய ஆசிரியர் நீதான். நீ விட்டால் பிறகு ஆள் இல்லை.

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். கரும்பலகையில் ஒரு படத்தை வரைந்து, "இதைப் பார்த்துப் போடுங்கள்" என்று சொல்லாதே. இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை, வானத்தில் டிக் அடித்ததுபோல நாலு பறவை. தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இதே படம்தான். நம் மாவட்டத்தில் இப்படி ஒரு மலை எங்கே இருக்கிறது? நார்த்தாமலையும் சித்தன்னவாசலும் உருண்டு திரண்ட மொட்டைப் பாறைகள். வெள்ளாற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். உன் பிள்ளைகள் தினமும் பார்ப்பது அதை. ஆனால் தாளில் வருவது யாரோ என்றோ போட்ட மலை. பலகையில் மாதிரி இருக்கும்வரை, அதைப்போல வரவில்லை என்று பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொள்ளும். "எனக்கு வராது" என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது, திருத்தாதே. பிள்ளைகளின் படத்துக்கு ஒரு வளர்ச்சி உண்டு. இரண்டு வயதில் கிறுக்கல். நான்கு வயதை ஒட்டி ஒரு வட்டம் தலையாகும். அதிலிருந்தே கால்கள் இறங்கும், உடம்பு இருக்காது. ஏழு வயது வாக்கில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வரும். வீடு, மரம், ஆள் எல்லாம் அதன்மேல் வரிசையாக நிற்கும், வானம் மேலே நீலப் பட்டையாக இருக்கும். வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே இருக்கும் அடுப்பும் தெரியும். பிள்ளைக்கு யார் முக்கியமோ அவர் பெரிதாக இருப்பார். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலை ஆசிரியர் 1947இல் வெளியிட்ட நூலில் இந்தப் படிகளை வயது வாரியாக விளக்கியிருக்கிறார். ஒன்பது, பத்து வயதில்தான் "நிஜம்போல இல்லையே" என்ற கவலை பிள்ளைக்குத் தானாகவே வரும். அதை நீ ஆறு வயதிலேயே கொண்டுவந்து வைக்காதே.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்மாய் வரைந்து காட்டினான். நடுவில் வட்டமாகத் தண்ணீர். சுற்றிலும் மரங்கள், ஆனால் ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வெளிப்பக்கமாகப் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்தவர், "ஏன்டா, புயலடிச்சுதா?" என்று கேட்டார். அந்தப் படத்தில் ஒரு தப்பும் இல்லை. கண்மாயை மேலிருந்து பார்த்திருக்கிறான். மரத்தைக் கரையில் நின்று பார்த்திருக்கிறான். கரையை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பார்த்த எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்துவிட்டான்.

சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் உள்ள தாமரைக் குளத்தை நினைத்துப் பார். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அந்தக் குளமும் மேலிருந்து பார்த்தபடி விதானமெங்கும் பரந்து கிடக்கிறது. பூக்களும் மொட்டுகளும் பக்கத்தில் நின்று பார்த்தபடி தண்டோடு நிமிர்ந்து நிற்கின்றன. மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் மறைக்காமல் தெரிகிறார்கள். பெரிய ஓவியன் தேர்ந்து செய்ததும் அந்தப் பையனுக்குத் தானாக வந்ததும் ஒரே வகைப் பார்வைதான். இதைத் தெரிந்துகொண்டால் உனக்குத் திருத்தும் கை எழாது.

சாமானுக்குக் காசில்லை என்று எழுதியிருந்தாய். ஒன்று, இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாளே வேண்டாம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுவதற்கும் வந்த செயல்வழிக் கற்றலுக்காகச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அமைத்தார்கள். உன் பள்ளியிலும் அது இருந்தால் அழித்துச் சுத்தம் செய்து பிள்ளைகளிடம் விட்டுவிடு. இல்லாவிட்டால் சிமெண்டுத் தரையும் சாக்பீசும் போதும். சின்னப் பிள்ளைக்குக் கை முழுதாக நீண்டு அசைய வேண்டும். சிறு தாளில் அது நடக்காது. பெரிய வகுப்புக்குப் பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் நல்ல அளவு.

நிறத்துக்கு நம் மண்ணே போதும். செம்மண்ணைப் பொடித்துத் துணியில் சலித்து, தண்ணீரில் கலக்கி, கல்லும் மணலும் அடியில் தங்கியதும் மேல்நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி வை. மறுநாள் அடியில் வழவழவென்று காவி தங்கியிருக்கும். இரவே ஊறவைத்த வேலம்பிசினை அதில் சேர்த்தால் தாளில் ஒட்டும். கறுப்புக்கு அடுப்புக்கரி. மஞ்சளுக்கு மஞ்சள்தூள். அதில் துளி சுண்ணாம்பு விழுந்தால் சிவந்துவிடும். பிள்ளைகள் கண் விரியப் பார்ப்பார்கள். சுண்ணாம்பை மட்டும் நீயே கலக்கு, அவர்கள் கையில் கொடுக்காதே. சித்தன்னவாசல் ஓவியர்களின் வெள்ளையும் கறுப்பும் காவியும் இதே சுண்ணாம்பிலும் கரியிலும் மண்ணிலும் இருந்து வந்தவை என்று சொல்லு. குச்சி நுனியை நசுக்கினால் தூரிகை. கண்மாய்க் களிமண் கிடைத்தால் வாரம் ஒருநாள் அதையும் கொடு. இளங்குடிப்பட்டி ஐயனார் கோயில் மண்குதிரைகளை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டிவிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

என்ன வரையச் சொல்வது என்று நீ திணற வேண்டியதில்லை. பார்க்க வை, பிறகு தாளைக் கொடு. ஒரு முருங்கைக் கீரைக் கொத்தைக் கையில் கொடுத்து, இலை தண்டில் எங்கே சேர்கிறது என்று கேள். வீட்டில் பழைய அம்மன் காசு வைத்திருப்பவர் யாராவது இருந்தால் இரவல் வாங்கு. நகத்தளவுச் செம்புக் காசு. ஒருபக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. அதைத் தாள் நிறையப் பெரிதாக வரையச் சொல். திருக்கோகர்ணம் அருங்காட்சியகம் 1910இல் தொடங்கியது. ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் அதை வரிசையில் நடந்தபடியே பார்த்து முடித்துவிடுகிறார்கள். நீ அழைத்து வரும்போது ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடு. அதன் முன்னால் அரைமணி நேரம் உட்கார வை. மற்றதை அடுத்த முறை பார்க்கலாம்.

வரைந்து முடித்ததும் "இது என்ன?" என்று கேட்காதே, அதிலேயே பிள்ளை சுருங்கிவிடும். "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேள். அது சொல்வதை அதன் பேச்சிலேயே இரண்டு வரி படத்துக்கு அடியில் எழுதிக்கொடு. நாளைக்கு அதை அது வாசிக்கும். தன் வாயில் வந்த சொல் என்பதால் தடுமாறாது. எண்ணும் எழுத்தும் வகுப்புக்கு நேரம் போதவில்லை என்றாயே, இதுவும் அந்த வகுப்புதான்.

போட்டிக்கு அவசரப்படாதே. கலைத் திருவிழா போன்ற மேடைகள் நல்லவையே. ஆனால் நன்றாக வரையும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துப் பழக்கிவிட்டு மற்றவர்களைக் கைதட்ட உட்கார வைத்தால், மிச்சம் இருபது பேருக்கும் நீயே கதவை அடைத்தவள் ஆவாய். சாந்திநிகேதனில் படித்துவிட்டு 1944இல் காந்தியின் சேவாகிராமப் பள்ளிக்குக் கலை ஆசிரியராகப் போன தேவி பிரசாத், கலையே கல்விக்கு அடித்தளம் என்று ஒரு நூலே எழுதினார். அவர் நாடியது எல்லாப் பிள்ளையையும். நீயும் அப்படியே நாடு.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், தவறாமல் செய். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணிப்பை தைத்து, அதன் படங்களின் பின்னால் தேதி போட்டுச் சேர்த்து வை. மார்க் போடாதே, நட்சத்திரம் போடாதே. ஐந்தாம் வகுப்பு முடிந்து கிளம்பும்போது அம்மா அப்பாவை வரவழைத்து, எதிரில் பிரித்துக் காட்டி, கையில் கொடுத்தனுப்பு. தன் கையால் செய்தது பள்ளியில் மதிக்கப்பட்டது என்று அறிந்த பிள்ளை, பெரிய பள்ளிக்குப் போய் வெள்ளைத் தாளைப் பார்த்து ஒதுங்காது. தொடக்கப் பள்ளி ஓவிய வகுப்புக்கு இதைவிடப் பெரிய தேர்ச்சி வேறில்லை.

அன்புடன்,
உன் சித்தப்பா