மெதுவான இணைய இணைப்பில் முன்னுரிமைப் பங்கீடு

பற்றாக்குறையான பொருளை எவ்வாறு பங்கிடுவது என்பது பொருளியலின் பழைய வினா. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் எழுந்த அவ்வினா இன்று இணைய இணைப்புக்கும் எழுந்துள்ளது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்குக் கடலடிக் கம்பிவடம் 2024 ஜனவரியில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குமுன் அத்தீவுகள் விநாடிக்கு ஏறத்தாழ 1.7 கிகாபிட் திறனையே தமக்குள் பகிர்ந்துகொண்டன. கம்பிவடம் எட்டிய பகுதிகளிலும், பலர் ஒரே மெதுவான இணைப்பை நம்பியிருக்கும் அலுவலகங்கள் உண்டு.

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை எண்ணிப் பார்ப்போம். மருத்துவர் நோயாளியை அருகில் வைத்துக்கொண்டு மாவட்ட மருத்துவமனை நிபுணருடன் இணையவழியில் பேசுகிறார். அடுத்த அறையில் எழுத்தர் பதிவேடுகளின் படங்களை அனுப்புகிறார். வெளிச்செல்லும் வேகம் விநாடிக்கு 512 கிலோபிட் எனக் கொள்வோம். பேச்சுக்கு வேண்டுவது 100 கிலோபிட்டுக்கும் குறைவே. எனினும் பேச்சு அறுந்துபோகிறது. காரணம் யாதெனில், மோடத்தின் நினைவகத்தில் 256 கிலோபைட் அளவுக்குப் படங்கள் நிரம்பிவிட்டால், அவை வெளியேறவே 4 விநாடிகள் ஆகும். மருத்துவரின் ஒவ்வொரு சொல்லும் அவற்றின் பின்னே நிற்கிறது. இங்கு குறைவுபட்டது திறன் அன்று, ஒழுங்கே.

ஆதலின் முதற்பணி, வரிசையை நம் கைக்குள் கொணர்வது. அலுவலக ரௌட்டரில் வெளிச்செல்லும் வேகத்தை 460 கிலோபிட் அளவில் நிறுத்தினால், காத்திருப்பு மோடத்திலிருந்து ரௌட்டருக்கு மாறும். நம் விதிகள் அங்குதான் செல்லும். பத்தில் ஒரு பங்கை வீணாக்குவதா என்று நிதிப் பிரிவினர் வினவக்கூடும். அது வீண் அன்று, ஒழுங்கிற்குத் தரும் விலை. உள்வரும் தரவின் வரிசையோ சேவை நிறுவனத்தின் முனையில் நிற்பதால், அதன்மீது நமக்குள்ள பிடி தளர்வானதே.

பின்னர், பேச்சுக்கு முதலிடம்; படிவங்களுக்கும் இணையப் பக்கங்களுக்கும் அடுத்த இடம்; கோப்பு அனுப்புதலுக்கும் மென்பொருள் புதுப்பித்தலுக்கும் இறுதி இடம். முதலிடத்திற்கு உச்சவரம்பு இன்றியமையாதது. எல்லாக் கோப்புகளிலும் 'அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதினால் எதுவும் அவசரமாகாது என்பதை நம் அலுவலகங்கள் நன்கறியும். கடைசி வகுப்புக்கும் ஒரு குறைந்தபட்சப் பங்கு விடப்படல் வேண்டும். இல்லையேல் எழுத்தரின் பணி என்றுமே முடியாது. ஒரே வகுப்பிலுள்ள போக்குவரத்தைச் சமமாகப் பங்கிடும் முறைகள் லினக்ஸ் இயங்குதளத்திலேயே உள்ளன; அதன் அடிப்படையில் அமைந்த பல ரௌட்டர்களில் இதற்குத் தனிச்செலவு இல்லை.

இது இணையச் சமநிலைக்கு மாறானது அன்றோ என்னும் ஐயம் எழலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 நவம்பரில் அளித்து, அரசு 2018-இல் ஏற்ற பரிந்துரைகள் சேவை வழங்குவோர் பாகுபாடு காட்டுவதையே தடுக்கின்றன. தன் இணைப்பைத் தன் பணிகளுக்குள் பங்கிடுவது சந்தாதாரரின் உரிமை. ஆயினும் எது முந்த வேண்டும் என்பதை அலுவலகத் தலைவர் எழுத்தில் முடிவு செய்தல் வேண்டும். ரௌட்டரை நிறுவ வந்தவரிடம் அதை விட்டுவிடலாகாது.

ஏற்பாடு பயன் தந்ததா என்பதை அறிவது எளிது. பெரிய கோப்பு ஒன்று சென்றுகொண்டிருக்கையில் மருத்துவர் பேசிப் பார்க்கட்டும்.