லயத்து நினைவுகள் கவிதைக்கு ஆகுமா?

கேள்வி: பால்ய நினைவுகளைப் பாடும் கவிஞர்கள் ஆற்றையும் வயலையும் தாத்தா வீட்டையும் பாடுகிறார்கள். கலஹாப் பக்கத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் வளர்ந்தவள் நான். எழுத உட்கார்ந்தால் கஷ்டம்தான் நினைவுக்கு வருகிறது. இதெல்லாம் கவிதையாகுமா?
– வாசகி ஒருவர், கண்டி

பதில்: தாராளமாக ஆகும். புறநானூற்றின் 243ஆம் பாடலைத் தேடிப் படியுங்கள். தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. மணலில் பாவை செய்து பூச்சூட்டியதையும், நீர்மேல் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறிக் கரையிலிருந்தவர்கள் திகைக்கத் தொபுக்கென்று குதித்ததையும், ஆழத்து மணலை அள்ளி வந்து காட்டியதையும் சொல்கிறார். சொல்பவரோ தடியூன்றிய கிழவர். இருமலுக்கு நடுவே சில சொற்கள்தான் வருகின்றன. அந்த இருமல் இல்லாவிட்டால் அது வெறும் விளையாட்டு வர்ணனை. நினைப்பவர் இன்று எங்கே நிற்கிறார் என்பது தெரிவதால்தான் பாட்டு நம்மை உலுக்குகிறது.

இனிமையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பாரதி 1910இல் வெளியிட்ட 'கனவு' சுயசரிதையில், மற்றப் பிள்ளைகள் ஆடுவதைத் தனியே நின்று பார்த்து ஏங்கிய சிறுவனைக் காண்கிறோம்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானவர் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. விடியலில் ஒலிக்கும் தப்புப் பறையை அவர் தம் நெடுங்கவிதைக்குள் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் எழுதிய அதைச் சக்தி பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். தோட்டத்து வாய்மொழிப் பாடல்களையும் சி. வி. திரட்டியிருக்கிறார், 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூல் அது.

ஒன்று மட்டும் சொல்வேன். 'வறுமை', 'துயரம்' என்ற சொற்களைக் கொஞ்சக் காலம் ஒதுக்கி வையுங்கள். அம்மா இடுப்பில் கட்டிய படங்கு மழையில் ஊறி வீச்சமடித்தது, இஸ்தோப்பில், அந்த முன்திண்ணையில், அடுக்கிய ஈரவிறகு, பிள்ளைக் காம்பராவில் ஏணைக்குள் கிடந்தபடி அம்மாவின் காலடிக்குக் காத்திருந்தது: இவற்றை எழுதுங்கள். கஷ்டம் தானாக வந்து சேரும். தோட்டத்துப் பேச்சையும் திருத்தாதீர்கள். காலையில் ஆளெடுக்கும் பெரட்டு பெரட்டாகவே இருக்கட்டும்.

கலஹாவுக்கு அண்மையில் லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிடத் தொடங்கியதைப் பாடப்புத்தகம் சொல்லிவிடும். அந்தச் செடிகளுக்கிடையே ஒரு பிள்ளை எப்படி வளர்ந்தது என்பதை வளர்ந்தவர்தான் சொல்ல முடியும். எழுதுங்கள், எழுதியதை எங்களுக்கும் அனுப்புங்கள்.