அன்றாடத் தொழிலில் ஆக்கத்தின் நிறைவு

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்பொழுது நாம் முதலில் பார்ப்பவை பேரேடுகளே. நூல் எவ்வளவு வழங்கப்பெற்றது, சேலைகள் எத்தனை வந்தன, கூலி எவ்வளவு பட்டுவாடாவாயிற்று என்பனவற்றுக்கெல்லாம் அவற்றில் பத்திகள் உண்டு. நெசவாளர் தம் வேலையில் எதைத் தாமாகக் கண்டு செய்தார் என்பதற்கு மட்டும் பத்தி இல்லை. ஆகவே அதை மறந்துவிடுகிறோம். இம்மாதப் பாடம் அதனைப் பற்றியது.

ஆக்கத்திறன் என்றவுடன் கவிஞரையும் சிற்பியையும் எண்ணுதல் வழக்கம். உழைத்துப் பிழைக்கும் நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று அங்கத்தினர்கள் வினவலாம். விடை அவரவர் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பொழுது ஏறுமுன் காலடியில் அழிந்துவிடும் என்று அறிந்தும், நேற்று இட்ட கோலத்தை இன்று இடாது புதியதொன்றை இடுகிறார் இல்லத்தரசியார். அதற்குக் கூலி ஏதுமில்லை. ஆயினும் இட்டு முடித்து நிமிர்ந்து பார்க்கையில் அவர் உள்ளத்தில் ஒரு நிறைவு உண்டாகிறது.

தறியிலும் இந்நிறைவுக்கு இடமுண்டு. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறமாகவும் கரைகள் வேறு நிறமாகவும் அமையும். மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்யப்படும் அதில், கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளல் வேண்டும். அதன்பொருட்டுத் துணையாள் ஒருவரும் தறியில் அமர்வார். மயில்கண், குயில்கண், ருத்திராட்சம், தாழம்பூ ரேக்கு என அதில் வழங்கும் வேலைப்பாடுகளின் பெயர்களை நோக்குங்கள். கண்ணிற் கண்டவற்றை நூலில் ஏற்றிப் பார்க்க விழைந்த நெசவாளர்களின் ஆக்கங்கள் அவை.

உழவர் திறமும் இத்தகையதே. மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை முதலிய நெல்வகைகள் ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றுமுன்பே வழங்கியவை. வயலில் மாறுபட்டு நின்ற கதிர்களைக் கண்டு தனியே எடுத்து வைத்து, அடுத்த பருவத்தில் விதைத்துப் பார்த்த உழவர்கள் பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்தமையால் அத்தகைய வகைகள் நிலைபெற்றன.

இங்கே நாம் செய்த பிழையொன்றைக் கூறுதல் கடமையாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தில் இருப்பைச் சரிபார்த்தபொழுது, பருத்திச் சேலையொன்றின் முந்தானையில் மாதிரியில் இல்லாத இரு மெல்லிய கோடுகளைக் கண்டோம். நெசவாளர் தம் சொந்த நூலைக் கொண்டு சேர்த்தவை அவை. 'மாதிரிக்கு மாறானது' என்று குறிப்பெழுதினோம். அவர் கூலியில் பிடித்தம் செய்யப்பட்டது. அச்சேலையோ ஏனையவற்றின் விலைக்கே விற்றது. சங்கத்துக்கு நட்டம் ஏதுமில்லை. அடுத்த ஆண்டு சென்றபொழுது அவர் சேலைகளில் ஓர் இழையும் பிசகவில்லை. "இப்பொழுது சரியாயிருக்கிறதா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். தம் மகனை அவர் தறியில் அமர்த்தவில்லை என்று பின்னர் அறிந்தோம். அதற்குக் கூலிக் குறைவு முதலாய காரணங்கள் பல இருக்கலாம். நம் குறிப்பும் அவற்றுள் ஒன்றோ என்னும் ஐயம் இன்றும் நீங்கவில்லை.

ஒழுங்கே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நூறு சேலைகள் ஒரே மாதிரியாக வேண்டுமென்று கேட்பவருக்கு அவ்வாறே அளித்தல் வாணிப நேர்மை. நீள அகலத்திலும் நூலின் தரத்திலும் சாயத்தின் உறுதியிலும் குறை நேரலாகாது. உரிய கூலியை வழங்காமல் மனநிறைவைப் பற்றிப் பேசுவதும் நியாயமன்று. இவற்றுக்கு ஊறின்றிச் சங்கங்கள் செய்யக்கூடியவை சில உள.

முதலாவதாக, ஒரு பாவில் இறங்கும் சேலைகளுள் கடைசிச் சேலையின் முந்தானையை நெசவாளர் விருப்பத்துக்கு விடலாம். இரண்டாவதாக, அவ்வாறு நெய்தவற்றை மாதக் கூட்டத்தில் யாவரும் காண வைத்து, சிறந்ததைச் சங்கத்தின் மாதிரியாக ஏற்று, கண்டவர் பெயரை மாதிரிப் புத்தகத்தில் எழுதலாம். மூன்றாவதாக, விவசாய அங்கத்தினர்கள் நிலத்தில் ஐந்து சென்டைத் தம் சொந்தச் சோதனைக்கு ஒதுக்கி, விளைந்ததையும் விளையாததையும் கூட்டத்தில் எடுத்துரைக்கலாம்.

1995ஆம் ஆண்டு சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி வெளியிட்ட ஏழு கொள்கைகளுள் இரண்டாவது, அங்கத்தினர்களின் ஜனநாயக நிர்வாகம். கூட்டத்தில் கை தூக்குவதோடு அவ்வுரிமை முடிந்துவிடலாகாது. பொதுப்பேரவையில் உடைமையாளராக இருப்பவர், தறியில் அமர்ந்தவுடன் வெறும் கூலியாளாகிவிடுவது எங்ஙனம் பொருந்தும்?

படிப்பு வட்டத்தில் ஆராயவேண்டிய வினாக்கள்:

1. சென்ற ஆண்டில் நம் சங்க அங்கத்தினர் எவரேனும் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தனரா? அதைச் சங்கம் எவ்வாறு ஏற்றது?

2. எவ்வெவற்றில் மாற்றம் கூடாது, எவ்வெவற்றில் கூடும் என்று நம் சங்கம் வரையறுத்துள்ளதா?

3. நம் பிள்ளைகள் நம் தொழிலை விரும்ப, கூலியோடு வேறு என்ன வேண்டும்?